பகாமாத் தீவில் ஒரு தாய்

1964-ஆம் ஆண்டு, சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசு முதன்முதலாக ஒரு கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது. அவர் சிட்னி பாய்ட்டியர். ஆங்கிலத் திரைப்படங்களில் ஆர்வமுள்ள நம் மாணவ நண்பர்கள் அப்பெயரை அறிந்திருப்பர். அவரைப் பெற்று வளர்த்த ஈவ்லின் அம்மையாரை அறிந்தவர் மிகச் சிலரே. அவர் மேடையேறிப் பேசியவர் அல்லர். அதிகம் பேசவே பேசாதவர். பகாமாத் தீவுகளில் அவரைப் போன்ற தாய்மார்கள் பல்லாயிரவர் வாழ்ந்தனர். பெரிய குடும்பம், சிறிய நிலம், கடலுக்குப் போன கணவன், கடவுள்மேல் அசையாத நம்பிக்கை: இவையே அவர்கள் வாழ்வு. அந்தத் தாய்மார்கள் எவ்வாறு குடும்பம் நடத்தினர், அவர்களுடைய சமயப்பற்று அதில் என்ன வேலை செய்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்குத் தென்கிழக்கே ஏறத்தாழ எழுநூறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் மக்கள் வாழ்பவை முப்பது அளவில்தான். எல்லாம் சுண்ணாம்புப் பாறை. ஆறு என்று சொல்லத்தக்க ஆறு ஒன்றும் இல்லை. பாறையில் இயற்கையாக விழுந்த குழிகளில் சிறிது மண் தங்கும்; அந்தக் குழிக்குள்தான் வேளாண்மை! நாம் ஏக்கர்க் கணக்கில் எண்ணுவதை அவர்கள் குழிக்கணக்கில் எண்ண வேண்டும். ஈவ்லின் அம்மையார் வாழ்ந்த கேட் தீவு நாற்பத்தெட்டு மைல் நீளம் கொண்டது. அகலமோ பெரும்பாலான இடங்களில் நான்கு மைலைத் தாண்டாது. பகாமா நாட்டிலேயே மிக உயரமான இடம் அங்குள்ள குன்றுதான். அதன் உயரம் 206 அடி. நம் ஊர்க் கோயிற் கோபுரங்கள் சிலவற்றைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்!

இந்நாட்டில் தாய் குடும்பத்தின் தலைவியானதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1783-இல் அமெரிக்க விடுதலைப் போர் முடிந்ததும், ஆங்கில அரசுக்கு விசுவாசமாயிருந்த பண்ணையார்கள் தம் அடிமைகளுடன் இத்தீவுகளில் குடியேறிப் பருத்தி பயிரிட்டனர். பூச்சியும் மெலிந்த மண்ணும் சில ஆண்டுகளிலேயே பருத்தியை அழித்தன. பண்ணையார்களுட் பலர் போய்விட்டனர், அடிமைகள் தங்கினர். அடிமை முறையில் கணவனை ஒரு தீவிலும் மனைவியை மற்றொரு தீவிலும் வைக்க உடையவனுக்கு உரிமை உண்டு. பிள்ளைகள் யாருடன் இருப்பர்? பெரும்பாலும் தாயுடன்தான். 1834-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்பும் நிலைமை முற்றும் மாறவில்லை. ஆண்கள் கடற்பஞ்சு எடுக்கப் பாய்க்கப்பல்களில் புறப்பட்டால் திரும்ப ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். புறப்படும்போதே வணிகரிடம் அரிசியும் மாவும் கடனாக வாங்கிச் செல்வர். திரும்பி வந்து பஞ்சை விற்றால் கடனுக்கே சரியாகிவிடும். சில வேளை அதற்கும் போதாது. இடைப்பட்ட நாட்களில் வீட்டு அடுப்பு எரிந்தது பெண்ணின் உழைப்பால்.

அந்த உழைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விடியுமுன் கிணற்றிலிருந்து நீர் சுமக்க வேண்டும். கடலை அடுத்த கிணறாதலால் அதிலும் உவர்ப்பு இருக்கும். பின்பு வெட்டுக்கத்தியுடன் காட்டுக்குப் போய்ப் புதரை வெட்டி, எரித்து, சாம்பல் கலந்த மண்ணில் விதைக்க வேண்டும். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சோளம், துவரை ஆகியவை முக்கியப் பயிர்கள். சோளத்தைத் திரித்து நொய்யாக்கிக் களிபோலக் கிண்டுவர். துவரையை அரிசியுடன் சேர்த்துச் சமைப்பது அவர்களுடைய விருந்துணவு. நம் நாட்டில் தோன்றிய துவரை, ஆப்பிரிக்கா வழியாக அடிமைக் கப்பல் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. வீட்டுக்கு வெளியே கல்லால் கட்டிய அடுப்பில் சனிக்கிழமைதோறும் ரொட்டி சுடுவர். மீனும் சங்கு இறைச்சியும் கடல் கொடுக்கும். மாவு வந்த சாக்குத் துணியே பிள்ளைகளின் சட்டை. சிட்னி பாய்ட்டியரும் அத்தகைய சட்டை அணிந்து வளர்ந்தவரே. பொழுது சாய்ந்தாலும் கை ஓயாது. பனையினத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் குருத்தோலையை உலர்த்திக் கிழித்து, நீண்ட நாடாவாகப் பின்னுவர். நடக்கும்போதும், பேசும்போதும், பிள்ளையைக் கண்டிக்கும்போதும்கூடப் பின்னல் நடக்கும். அந்த நாடா தலைநகரான நாசோவுக்குப் போய்த் தொப்பியாகவும் கூடையாகவும் மாறிச் சுற்றுலாப் பயணிகளிடம் விலையாகும். பிள்ளைகளின் எழுதுபலகை அதிலிருந்து வரும்.

இனி அவர்களுடைய சமயப்பற்றைக் காண்போம். பகாமா மக்களுள் பாப்திஸ்து சபையினரே மிகுதி. ஆங்கிலிக்கன், கத்தோலிக்க சபையினரும் கணிசமாக உள்ளனர். இங்கிலாந்திலிருந்து பாப்திஸ்து ஊழியர்கள் வந்தது 1833-இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே, அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் போதகர்கள் அங்கே சபைகளை நிறுவியிருந்தனர். ஆகவே அந்தச் சமயம் வெள்ளையரிடமிருந்து தானமாகப் பெற்றது என்று அம்மக்கள் கருதுவதில்லை. அது தம் முன்னோர் கட்டியது என்றே எண்ணுகின்றனர். எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகுந்திருந்த காலத்தில், தேவாலயத்தில் ஒருவர் பாட்டின் ஓர் அடியைச் சொல்ல, எல்லாரும் அதனைப் பாடுவர். பின்பு அடுத்த அடி. எழுத்தறியாத தாய் இவ்வாறே நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் வைத்திருந்தாள். பிள்ளைக்கு முதல் பாடப்புத்தகம் பெரும்பாலும் விவிலியமே. ஆண்டின் கடைசி இரவில் குடும்பம் முழுவதும் தேவாலயத்தில் கூடி, நள்ளிரவில் புத்தாண்டை மண்டியிட்டு வரவேற்கும். அது முடிந்த பின்னர்தான் தெருவில் முரசொலியும் கூத்தும் தொடங்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டோடு மட்டும் முடிகிற பற்றன்று அது. தேவாலயத்தை ஒட்டி வளர்ந்த நட்புச் சங்கங்கள் 1830-களிலிருந்தே அங்கு உண்டு. வாரந்தோறும் சில காசுகள் கட்டினால், நோயில் உதவியும் இறந்தால் முறையான அடக்கமும் கிடைக்கும். வங்கியும் காப்பீடும் எட்டாத மக்களுக்கு வேறு என்ன வழி? இன்னொரு வழியும் இருந்தது. அதன் பெயர் 'அசூ'. பத்துப் பேர் கூடி வாரம் ஒரு தொகை போடுவர். ஒவ்வொரு வாரமும் ஒருவர் முழுத்தொகையையும் எடுத்துக்கொள்வார். நம் வீட்டுப் பெண்கள் சேர்ந்து போடும் சீட்டேதான்! மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களிடமிருந்து வந்த வழக்கம் இது. எழுதிய பத்திரம் கிடையாது. கூட்டுபவரின் நாணயமே பத்திரம். தேவாலயத்தில் நல்ல பெயர் எடுத்த தாயிடம்தான் பிறர் பணத்தை நம்பிக் கொடுப்பர். பக்தி, மானம், கணக்கு மூன்றும் அங்கே ஒரே முடிச்சாக இருந்தன என்பது என் கருத்து.

இந்தப் பக்தியை வானளாவப் புகழ்ந்துவிட்டு நான் நகர்ந்துவிட விரும்பவில்லை. அதில் கடுமையும் இருந்தது. பிள்ளையை அடித்து வளர்ப்பதற்கு விவிலியத்தையே சான்று காட்டினர், பிரம்பு ஓய்ந்திராது. மணமாகாமல் கருவுற்ற மகள் சபையின் முன் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதற்குக் காரணமானவனை யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை. தேவாலயத்தைத் துடைத்தவர், பாடியவர், நிதி திரட்டியவர் எல்லாரும் பெண்கள். பிரசங்க மேடையில் நின்றவர் பெரும்பாலும் ஆண்.

ஈவ்லின் அம்மையாரின் கதைக்கு வருவோம். அவரும் கணவர் ரெஜினால்டும் கேட் தீவில் தக்காளி பயிரிட்டு, அதனைப் படகில் ஏற்றி அமெரிக்காவின் மயாமி நகருக்குக் கொண்டுபோய் விற்றுவந்தனர். அவ்வாறு சென்றிருந்தபோது, 1927 பிப்ரவரி 20-இல், இரண்டு மாதம் முந்தியே சிட்னி பிறந்துவிட்டார். எடை மூன்று பவுண்டுகூட இல்லை. முன்பே சில பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பம் அது. தந்தை மனத்தைத் தேற்றிக்கொண்டு, புதைப்பதற்காகச் சிறிய செருப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். தாய் ஒப்பவில்லை. அயலூரில் ஒரு குறிசொல்லும் கிழவியைத் தேடிப் போனார். பிள்ளை பிழைப்பான், உலகம் சுற்றுவான், அரசர்களோடு நடப்பான் என்று அவள் சொன்னாளாம். அம்மையார் திரும்பி வந்து பெட்டியை அப்புறப்படுத்தச் சொன்னார். தேவாலயம் போகிற ஊரார் குறிகேட்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆப்பிரிக்க மரபும் கிறித்தவ மரபும் அருகருகே வாழ்ந்த தீவு அது. போதகர் கண்டித்தும் குறிகேட்டல் ஒழியவில்லை. அன்றியும், குழந்தை சாகக் கிடக்கும்போது எந்தத் தாய் கதவு தேர்ந்து தட்டுவாள்?

பிழைத்தவர் எழுவர், சிட்னி கடைக்குட்டி. அம்மையார் வளர்த்த முறைக்கு ஒரு சான்று போதும். தவழும் பருவத்திலேயே அவரைக் கடலில் தூக்கிப் போட்டார். குழந்தை மூச்சுத் திணறித் தத்தளித்தது. தந்தை அள்ளி எடுத்துத் தாயிடம் கொடுக்க, அவர் மறுபடியும் போட்டார்! நீந்தத் தெரியாத பிள்ளை அத்தீவில் பிழைக்காது என்பது அவர் கணக்கு. தம் தன்வரலாற்றில் இதனை எழுதும் மகன், தாயின்மேல் சிறிதும் குறை சொல்லவில்லை.

1930-களில் அத்தீவுகளுக்கு அடிமேல் அடி விழுந்தது. புளோரிடா மாநிலம் பகாமாத் தக்காளியை வாங்க மறுத்ததால் பாய்ட்டியர் குடும்பத்தின் பிழைப்புப் போயிற்று. சிட்னிக்குப் பத்து வயதானபோது அவர்கள் நாசோவுக்குக் குடிபெயர்ந்தனர். 1938-இல் கடற்பஞ்சில் ஒரு கொள்ளைநோய் பரவிக் கடலடித் தோட்டங்களையே அழித்தது. ஆயிரக்கணக்கான ஆண்கள் வேலையிழந்தனர். 1943 முதல் 'ஒப்பந்தம்' என்ற பெயரில் அமெரிக்கப் பண்ணைகளுக்கு ஆட்கள் அனுப்பப்பட்டனர். அது இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கடலுக்குப் போனவன் இரண்டு மாதத்தில் வருவான். ஒப்பந்தத்தில் போனவன் எப்போது வருவான்? பணம் வந்த வீடும் உண்டு. கடிதமே வராத வீடும் உண்டு.

நாசோவில் குழிநிலமும் இல்லை, கடலோர மீனும் இல்லை. எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஈவ்லின் அம்மையார் சுண்ணாம்புக் கற்களைச் சுமந்து வந்து, சுத்தியால் உடைத்துச் சல்லியாக்கிக் கட்டட வேலைக்கு விற்றார். ஒரு குவியல் சேர வாரக்கணக்கில் உடைக்க வேண்டும், கூலியோ சொற்பம். இதற்கிடையே சிட்னி கூடாநட்பில் விழுந்தார். நெருங்கிய நண்பன் ஒருவன் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதும் பெற்றோர் அஞ்சினர். பதினைந்து வயது மகனை மயாமியிலிருந்த அண்ணன் வீட்டுக்குக் கப்பலேற்றினர். பிள்ளையைக் காப்பாற்றப் பிள்ளையைப் பிரிவது! அத்தீவுகளில் எத்தனையோ தாய்மார்கள் இதனைச் செய்திருக்கின்றனர்.

இவ்வளவு பொறுப்புச் சுமந்த பெண்களுக்கு நாட்டின் ஆட்சியில் குரல் இருந்ததா என்றால், இல்லை. வாக்குரிமை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. மேரி இங்கிரகாம் என்பவர் 1950-களில் கையொப்பம் திரட்டி இயக்கம் தொடங்கினார். சங்கங்களிலும் சபைகளிலும் கூட்டம் நடத்திப் பழகிய பெண்களே அதற்குத் துணை நின்றனர். 1959 ஜனவரியில் டோரிஸ் ஜான்சன் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பெண்கள் சார்பில் உரிமை கேட்டுப் பேசினார். 1962 நவம்பர் 26-இல் பகாமாப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தனர். 1973 ஜூலை 10-இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டு டோரிஸ் ஜான்சன் மேலவைத் தலைவரானார். ஆயினும் அயல்நாட்டானை மணந்த பகாமாப் பெண், வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்குத் தன் குடியுரிமையை ஆணுக்கு நிகராக வழங்க இயலாது. இதனை மாற்றும் திருத்தத்தை 2002-இலும் 2016-இலும் மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தனர். தாயைத் தலைவியாகக் கொண்ட நாட்டில் இது எப்படி நேர்ந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அமெரிக்கா சென்ற சிட்னி நியூயார்க்கில் தட்டுக் கழுவினார். ஒழுங்காகப் படிக்கக்கூடத் தெரியாமல், உணவுவிடுதிப் பணியாளராயிருந்த ஒரு யூதப் பெரியவரிடம் செய்தித்தாள் படித்துப் பழகினார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வீட்டுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. போன பிள்ளை பணம் அனுப்ப வேண்டும் என்பது அத்தீவு வழக்கம். அனுப்பப் பணமில்லாத வெட்கமே காரணம் என்று பின்னாளில் அவர் எழுதினார். 1950-இல் 'நோ வே அவுட்' என்ற படத்தில் மருத்துவராக நடித்த பின்னரே, கையில் பணத்துடன் பெற்றோரைப் பார்க்கப் போனார்.

இனவெறியைக் காட்டிய அந்தப் படத்தைக் காலனி அரசு நாசோவில் தடை செய்தது. கறுப்பின மக்கள் குழு அமைத்துப் போராடினர், தடை நீங்கியது. அதுவரை திரைப்படமே பார்த்திராத ஈவ்லின் அம்மையார் அரங்கில் அமர்ந்தார். கதையில் ஒரு வெள்ளையன் துப்பாக்கியால் அவர் மகனை அடித்தான். வாழ்நாளெல்லாம் அதிகம் பேசாதிருந்த அந்த அம்மையார் இருக்கையிலிருந்து எழுந்து நின்று, திரையைப் பார்த்து, திருப்பி அடிக்கும்படி மகனை நோக்கிக் கூவினாராம்.