பழுதும் பட்டறையும்

ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் என்பது ஊருக்கு ஒருவர் அல்லது இருவரிடம் மட்டுமே இருந்த பெருமைப் பொருள். வண்டியின் ஓசையைக் கேட்டே வருபவர் யாரென்று ஊரார் சொல்லிவிடுவர். இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. பால்காரரும், பூ வியாபாரியும், கொத்தனாரும் தவணையில் வண்டி வாங்கிப் பிழைப்பு நடத்துகின்றனர். நம் கல்லூரியின் சைக்கிள் நிறுத்துமிடத்திலும் மோட்டார் சைக்கிள்களே மிகுந்து நிற்கின்றன. வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுபோகும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆகவே, வண்டி ஏன் பழுதாகிறது, பழுதான வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசென்றால் அங்கே நாம் எவ்வாறு பேச வேண்டும் என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

புல்லட் சொல்லும் பாடம்

பழுதின் தன்மையை விளக்க நமக்கு மிகவும் பழக்கமான ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்பீல்டு நிறுவனமும், சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955-இல் என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. அங்கே பிறந்ததுதான் நாம் அறிந்த புல்லட். அதன் பழைய எஞ்சின் 346 சி.சி. கொள்ளளவு உடையது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர்.

எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று கொள்வோம். அப்போது அந்தக் கனமான பிஸ்டன் நொடிக்கு 50 முறை மேலேறிக் கீழிறங்குகிறது. ஒற்றைச் சிலிண்டர் ஆதலால் இந்த அசைவை ஈடுசெய்ய இன்னொரு பிஸ்டன் இல்லை. அதிர்வு முழுவதும் சட்டத்திற்குப் போகிறது. நட்டுகள் தளர்வதும், விளக்கின் இழை அறுவதும், ஒயர் உராய்ந்து தேய்வதும் இதனால்தான். வண்டி மட்டமானது என்று இதற்குப் பொருளன்று. அந்த அமைப்பின் இயல்பு அது. அதை அறிந்தவர் மாதம் ஒருமுறை ஸ்பேனரை எடுத்து நட்டுகளை முடுக்கிவிடுவார். அறியாதவர் வழியில் நிற்பார்.

அடுத்தது பாயிண்ட். பழைய எஞ்சின்களில் பிளக்கில் பொறி பறக்கச் செய்வது இந்தச் சிறு கருவியே. மேற்சொன்ன வேகத்தில் அது நொடிக்கு 25 முறை திறந்து மூடும். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். பாயிண்ட்டின் கால் தேயத் தேய இடைவெளி குறைகிறது; பொறி தாமதமாகப் பறக்கிறது; எஞ்சின் சூடேறி இழுவை குறைகிறது. ஒரு முடியின் கனத்தைப் போலச் சில மடங்கே உள்ள அந்த இடைவெளி தவறினால், இரண்டு ஆள் ஏறிய வண்டி மேம்பாலத்தில் திணறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய புல்லட் பல நாள் ஓடாமல் நின்றால், ஆயில் தன் அறையிலிருந்து மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிப்பாகத்தில் தேங்கிவிடும். கிக்கரை உதைத்ததும் புகை கக்கும். வெளியூர் சென்று திரும்பியவர் இதைக் கண்டு எஞ்சின் போய்விட்டது என்று அஞ்சுவதுண்டு. சற்று நேரம் ஓடினால் பம்பு அந்த ஆயிலை மீட்டு அறைக்கு அனுப்பிவிடும்.

கண்ணில் படாத பழுது

காலம் மாற எஞ்சினும் மாறியது. பாயிண்ட் போய் மின்னணுப் பொறியமைப்பு வந்தது. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பியூவல் இன்ஜெக்ஷன் பிடித்துக்கொண்டது. எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதை ஒரு மின்னணுப் பெட்டி கணக்கிட்டுச் சொல்கிறது. இதனால் பழுது குறைந்தது உண்மை. ஆனால் வருகின்ற பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்பு பிளக்கைக் கழற்றித் துடைத்து வீடு வந்து சேர்ந்தவர், இன்று எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அதற்குரிய கருவியுள்ள பட்டறையை நாட வேண்டியிருக்கிறது. வண்டி நவீனமாக ஆக, விற்பனையாளரின் சர்வீஸ் நிலையத்தை நாம் சார்ந்திருப்பதும் மிகுகிறது.

பழுது மூவகை

பழுதுகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது தேய்மானம். செயின், பிரேக் கட்டை, கிளட்ச் கேபிள், டயர் ஆகியவை தேய்ந்தே தீரும். இரண்டாவது பராமரிப்பின்மை. ஆயில் மாற்றாமை, ஏர் பில்டரில் தூசி, காற்றில்லாத டயர் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது உற்பத்திக் குறை. முதல் இரண்டும் ஓட்டுபவரின் பொறுப்பு. மூன்றாவது தயாரித்தவரின் பொறுப்பு.

உற்பத்திக் குறை நேர்ந்தால் நிறுவனங்கள் தாமே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவதுண்டு. 2021 மே மாதம் ராயல் என்பீல்டு நிறுவனம், இக்னிஷன் காயிலில் குறை இருக்கக்கூடும் என்று கண்டு, 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில், பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியா ஆகிய இடங்களில் விற்ற சுமார் 15,200 வண்டிகளை அது அழைத்தது. குளிர்காலத்தில் அந்நாடுகளின் சாலைகளில் பனி உருக உப்புத் தூவுவர். அவ்வுப்பு பிரேக் பாகத்தை அரிக்கக்கூடும் என்பதே காரணம். ஒரு நாட்டுச் சாலைக்குப் பொருந்தும் பாகம் இன்னொரு நாட்டுச் சாலைக்குப் பொருந்தாமற் போகலாம் என்பதற்கு இது சான்று. தன் வண்டி இத்தகைய அழைப்பில் உள்ளதா என்பதைச் சட்ட எண்ணைக் கூறி எவரும் விற்பனையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

செய்தி எங்கே தொலைகிறது?

சர்வீஸ் நிலையத்தில் நம் குறையைக் கேட்பவர் ஒருவர். வண்டியைப் பிரிப்பவர் மற்றொருவர். இருவருக்கும் இடையே இருப்பது ஜாப் கார்டு என்னும் ஒரு தாள் மட்டுமே. அதில் எழுதப்படாத குறை மெக்கானிக்கின் காதுக்கு எட்டுவதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் அவருக்கு உண்டு.

என் அக்காள் கணவர் பால் கேன்களை ஏற்றிச் சென்று சங்கத்தில் ஊற்றுபவர். அவருடைய கார்புரேட்டர் வண்டி வழியில் நின்றுவிடுவது வழக்கமாயிற்று. நேரம் தவறிய பால் புளித்துத் திரும்பிய நாட்களும் உண்டு. வண்டி வாங்கிய இடத்திலேயே மூன்று முறை விட்டார். முதல் முறை பிளக் மாற்றினர். அடுத்த முறை கார்புரேட்டரைக் கழுவினர். மூன்றாம் முறை பேட்டரியை மாற்றினர். ஒவ்வொரு முறையும் பில் வந்தது. வண்டி மட்டும் நிற்பதை நிறுத்தவில்லை. ஜாப் கார்டில் மூன்று முறையும் எழுதியிருந்தது ‘ஸ்டார்ட்டிங் டிரபிள்’ என்பதே.

பின்னர் சந்தைப்பேட்டை அருகே மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் காட்டினார். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

“எவ்வளவு தூரம் போனா நிக்குது தம்பி?”

“பத்துக் கிலோமீட்டர் போனா நிக்குதுங்க ஐயா.”

“அப்புறம்?”

“கொஞ்ச நேரம் நின்னா தானா ஸ்டார்ட் ஆயிடுது.”

“அடுத்த தடவை நின்னதும் டேங்க் மூடியைத் திறந்து பாரு. ‘புஸ்’னு சத்தம் வருதான்னு கேளு.”

சத்தம் வந்தது. காரணம் எளிய இயற்பியல். பெட்ரோல் தன் எடையால் கார்புரேட்டருக்கு இறங்குகிறது. இறங்கிய அளவுக்கு உள்ளே காற்றுப் புக மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. அது தூசியால் அடைபட்டால் டேங்கினுள் காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். சற்று நேரத்தில் காற்று கசிந்து உள்ளே போனதும் வண்டி மீண்டும் ஓடும். பட்டறையில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்த அக்கணமே பழுது மறைந்துவிடும். கடையைச் சுற்றி இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு அது எவ்வாறு தெரியும்? துளையைக் கம்பியால் குத்திவிட்டதோடு பழுது தீர்ந்தது. பாகங்களில் இல்லாத விடை, “எவ்வளவு தூரம்?” என்ற கேள்வியில் இருந்தது.

நாம் செய்ய வேண்டுவன

பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு துண்டுத் தாளில் அறிகுறியை எழுதிக்கொள்ள வேண்டும். எப்போது நேர்கிறது, குளிர்ந்த நிலையிலா சூடான நிலையிலா, எந்த கியரில், எவ்வளவு தூரத்தில், மழை நாளிலா என்பன அதில் இருக்க வேண்டும். ‘கார்புரேட்டரைப் பாருங்கள்’ என்று மருந்தை நாமே சொல்லக்கூடாது. நோயை மட்டும் சொல்ல வேண்டும். சொன்னது ஜாப் கார்டில் சொன்னபடியே ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்க வேண்டும். குறை ஓட்டத்தில்தான் தெரியும் என்றால் மெக்கானிக்கைப் பின்னால் அமர்த்தி ஓட்டிக் காட்ட வேண்டும். ‘இலவச சர்வீஸ்’ என்பதில் பொதுவாகக் கூலி மட்டுமே இலவசம். ஆயிலுக்கும் பாகங்களுக்கும் பணம் உண்டு என்பதையும் முன்னரே கேட்டறிவது நல்லது. குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாவிடில் வாரண்டி மறுக்கப்படலாம். எனவே, பில்களைப் பத்திரப்படுத்துவது கட்டாயம்.

இவ்வளவுக்குப் பின்னும் நியாயம் கிடைக்காவிடில் சட்டம் துணை நிற்கிறது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக, 2019-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சேவைக் குறைபாட்டுக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம். ஆனால் அங்கே நமக்காகப் பேசப்போவது நம் கோபமன்று. அந்த ஜாப் கார்டும் பில்லுமே.

மெக்கானிக்குகளைக் குறை கூறுவது இக்கட்டுரையின் எண்ணமன்று. வெயிலிலும் கிரீசிலும் நின்று நம் உயிரைத் தாங்கும் பிரேக்கைச் சரிசெய்பவர்கள் அவர்களே. வண்டியின் நம்பகத்தன்மை செய்தவர், விற்றவர், ஓட்டுபவர் ஆகிய மூவர் கையிலும் இருக்கிறது. முதல் இருவரை நாம் மாற்ற இயலாமற் போகலாம். மூன்றாமவர் நாமே. படிப்பறிவு பெற்ற மாணவர்களாகிய நாம், நம் வீட்டு வண்டிக்கு மட்டுமின்றி, எழுதத் தெரியாத அண்டை வீட்டாரின் வண்டிக்கும் அந்தத் துண்டுத் தாளை எழுதிக் கொடுப்போமாக!