எழுபது தடவை ஏழு எத்தனை ஸார்?

ஆபீஸில் யாரும் யாரும் பேசமாட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் டீ வரும் நேரத்தைக் கவனியுங்கள். பையன் தட்டோடு உள்ளே நுழைந்ததும் ஒரு ஆசாமி எழுந்து ஜன்னல் பக்கம் போவார். இன்னொருவர் திடீரென்று ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வார். விசாரித்தால், என்றைக்கோ ஒரு லீவு லெட்டரில் ஆரம்பித்த தகராறாக இருக்கும். இப்போது ஒருவருக்குச் சர்க்கரை வந்தாயிற்று, இன்னொருவருக்கு வழுக்கை விழுந்தாயிற்று. கோபத்துக்கு மட்டும் வயசே ஆகவில்லை!

நான் ஒன்றும் ஒழுங்கு கிடையாது. என்மேல் ஒரு மொட்டைக் கடுதாசி போய், வரவேண்டிய பிரமோஷன் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. எழுதியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து சீட். என் டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவன். அன்றோடு பேச்சு கட். தங்கை கல்யாணப் பத்திரிகையை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான், பிரிக்கவே இல்லை. போனில் பிளாக். அப்புறம் அவனைக் கல்வராயன் மலைக்கு மாற்றினார்கள். அன்று ஆபீஸுக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். (என்னப்பா விசேஷம் என்று கேட்டவர்களிடம், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம் என்று சொல்லிச் சமாளித்தேன்.)

ஆறு வருஷம் கழித்து, போன மாதம் ஒரு ஃபைலில் அவன் கையெழுத்து வாங்கிவர என்னையே அனுப்பினார் மேனேஜர். அவருக்கு விஷயம் தெரியாது. அல்லது நன்றாகத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். சட்டைப் பையிலிருந்து ஜெபமாலை எட்டிப் பார்த்தது. கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் என் ஊர், சம்பளம், கல்யாணம் எல்லாவற்றையும் கறந்துவிட்டார்.

“மலையில யாரைப் பார்க்கப் போறீங்க தம்பி?”

“ஒரு எதிரியை, ஸார்.”

சிரித்தார். “எங்க பைபிள்ல ஒரு இடம் வரும். பேதுருன்னு ஒரு சீடர். தப்பு பண்றவனை எத்தனை தடவை மன்னிக்கணும், ஏழு தடவை போதுமான்னு இயேசுவைக் கேட்பார். பதில் என்ன தெரியுமா? எழுபது தடவை ஏழு!”

“நானூத்தித் தொண்ணூறு, ஸார்.”

“அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனா?”

“ஆமா ஸார்.”

“அதானே பார்த்தேன். எண்ணிக்கை தவறிப் போகட்டும்னுதான் தம்பி அவ்வளவு பெரிய நம்பர்!”

கோமுகி அணைப் பக்கம் பஸ் திரும்பியபோது அவர் ஆரம்பித்த கதைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பேப்பரில் எப்போதோ பார்த்த பெயர்தான். முழுக்கதை தெரியாது.

ராணி மரியா, கேரளத்தில் பெரும்பாவூர் பக்கம் புல்லுவழி கிராமத்தில் பிறந்த கன்னியாஸ்திரி. மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் என்ற இடத்தில் பழங்குடி மக்களிடம் வேலை செய்தார். கடன் கொடுத்தவன் கையை எதிர்பார்க்காமல் அவர்களே சேர்ந்து சேமிக்கவும், அரசாங்கச் சலுகைகளைக் கேட்டு வாங்கவும் சொல்லிக் கொடுத்தார். வட்டிக்காரர்களுக்கு வயிறு எரியாதா? 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகிற பஸ்ஸில், சமுந்தர் சிங் என்ற இளைஞனை ஏவிவிட்டார்கள். பஸ்ஸிலேயே குத்தினான். வெளியே இழுத்துப்போட்டும் விடவில்லை. உடம்பில் ஐம்பதுக்கும் மேலே காயங்கள். வயசு நாற்பத்தொன்று. பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் யாரும் தடுக்கவில்லை.

(நான் அனிச்சையாக எங்கள் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தேன். பாதிப்பேர் தூக்கம், மீதிப்பேர் போன்.)

சமுந்தருக்கு ஆயுள் தண்டனை. ஏவிவிட்டவர்கள் ஜெயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெளியே போனதும் முதல் வேலையாக அவர்களைத் தீர்த்துக்கட்டுவது என்று உள்ளே கறுவிக்கொண்டிருந்தான். ஒரு பாதிரியார் விடாமல் போய்ப் பார்த்துப் பேசினார். 2002-ல், ரக்‌ஷா பந்தன் சமயத்தில், ராணி மரியாவின் கூடப்பிறந்த தங்கை செல்மி பால் (அவரும் கன்னியாஸ்திரிதான்) ஜெயிலுக்கே வந்தார். அக்காவைக் குத்திய கையில் ராக்கி கட்டினார்.

“அதோட முடியலை தம்பி. அந்தப் பொண்ணுகளைப் பெத்த தாயும் அவனை மன்னிச்சாங்க. என் மகள் ரத்தம் பட்ட கைன்னு சொல்லி, அந்தக் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தாங்களாம்.”

வாத்தியார் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

குடும்பமே மனு கொடுத்து, 2006-ல் சமுந்தர் விடுதலை ஆனான். அடுத்த வருஷம் புல்லுவழிக்கு, அந்த வீட்டுக்கே போனான். 2017 நவம்பர் 4-ல் இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது கூட்டத்தில் அவரும் இருந்தார். (‘அவன்’ எந்த இடத்தில் ‘அவர்’ ஆனார் என்று கேட்காதீர்கள். எழுதும்போது தானாக வந்துவிட்டது.)

எனக்கு ஒரு சந்தேகம். “அப்போ எவனும் என்ன வேணா பண்ணலாமா ஸார்? கோர்ட்டு, போலீஸ் எதுக்கு?”

“கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் அம்மாவை எடுத்துக்குங்க” என்றார். ஒரிஸ்ஸாவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்த ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெய்ன்ஸையும், பத்து வயசு ஃபிலிப், ஆறு வயசு திமோத்தி இரண்டு மகன்களையும் 1999 ஜனவரி 22 நள்ளிரவில் மனோகர்பூரில் ஜீப்போடு எரித்தார்கள். மன்னித்துவிட்டேன் என்றார் அந்த அம்மா. அதற்காகக் கேஸ் நிற்கவில்லை. தாரா சிங்குக்கு 2003-ல் தூக்கு, 2005-ல் ஹைகோர்ட் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதையே உறுதி செய்தது. மன்னிப்பு அவர் மனசு சம்பந்தப்பட்டது. கோர்ட்டு அதன் வேலையைப் பார்த்தது. விதவையான பிறகும் சில வருஷம் அங்கேயே தங்கி அதே நோயாளிகளைக் கவனித்தார்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் முனகியது. வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஊருக்கு உபதேசம் சுலபம் தம்பி. நம்ம மாவட்டத்துலேயே இறையூர் இருக்கே.” உளுந்தூர்பேட்டை வட்டத்து இறையூர். பெரிய கோயில், பழைய பங்கு. அங்கே தலித் கிறிஸ்தவர்கள் சவ ஊர்வலத்திலும் கல்லறையிலும் காட்டப்படும் வேற்றுமையை எதிர்த்து, தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்குள் அடிதடி. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். “அடிக்கிறவன் அடியை நிறுத்தாம, அடி வாங்குறவனைப் பார்த்து மன்னிச்சுடுன்னு சொல்றது எந்த வேதத்துலேயும் சேராது. அது அன்பு இல்லை, சௌகரியம்.” நான் அவர் கட்சி.

வெள்ளிமலையில் இறங்கினேன். அவன் ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். ஃபைலை நீட்டினேன், கையெழுத்துப் போட்டான். டீ வந்தது. எழுந்து போக அங்கே ஜன்னல் இல்லை.

“ஏம்பா, என் தங்கச்சி கல்யாணத்துக்கு வரலை?” என்றான். இவ்வளவு காலமாக அவனும் ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறான்!

“அந்தக் கடுதாசி...” என்று இழுத்தேன்.

டம்ளரையே பார்த்தான். “நான்தான் எழுதினேன். கல்யாணச் செலவு கழுத்தை நெரிச்சுது. உனக்கு வரலைன்னா அந்த பிரமோஷன் எனக்கு வரும்னு நினைச்சேன். வரலை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் இல்லை. பத்திரிகை வச்ச அன்னைக்குச் சொல்லலாம்னுதான் வந்தேன்.”

சந்தேகம் இல்லை, சந்தேகம் இல்லை என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வாயால் கேட்டபோது கோபம் புதுசாக வந்தது. நிஜமாகவே வந்தது. திருப்பித் திட்ட நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். அதில் ஒன்றைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டான். மிச்ச மூன்றும் வாயில் வரவில்லை.

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. “இதுதான் கடைசி வண்டி” என்றான். “தெரியும்” என்றேன். ராத்திரி அவன் ரூமிலேயே படுத்தேன். பயங்கரமாகக் குறட்டை விட்டான். தங்கை கல்யாண ஆல்பத்தை வேறு முழுசாகப் பார்க்க வைத்தான்.

ஊர் திரும்பியதும் பிளாக்கை எடுத்துவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. தினம் மூன்று.

நானூற்றுத் தொண்ணூறு வரை பொறுத்துக்கொள்வதாக உத்தேசம்.