அவுட்போர்டு இன்ஜினைக் கழுவுவது எப்படி?

அவுட்போர்டு இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. நீருக்குள் முங்கியிருக்கும் அதன் காலில் ஒரு ரப்பர் இம்பெல்லர் சுழன்று கடல்நீரையே மேலே ஏற்றுகிறது. அந்த நீர் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அலுமினியக் குழல்களில் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி கடலுக்கே போய்விடும். இன்ஜினின் பின்புறம் பீய்ச்சும் மெல்லிய தாரையைப் பார்த்தே பம்பு சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இன்ஜின் ஓடும்போது புது நீர் வந்துகொண்டே இருப்பதால் அது அதிகம் தங்காது. நிறுத்திய பிறகுதான் கேடு. உள்ளே எஞ்சிய ஈரம் சூடான உலோகத்தின்மேல் காய்ந்து உப்பாகப் படிகிறது. நாளடைவில் குழல் குறுகும், தெர்மோஸ்டாட் இறுகிக்கொள்ளும், படிவுக்கு அடியில் அலுமினியம் அரிபடும். வெளியில் பளபளப்பாகத் துடைத்து வைப்பதால் இதில் ஒரு பயனும் இல்லை.

கரையேற்றிய படகென்றால் உறிஞ்சு துளைகளில் ரப்பர் மூடி மாட்டி, ஹோஸ் வைத்து, நன்னீரிலேயே இன்ஜினை ஓட்டலாம். துறையில் மிதக்கும் படகில் அது எளிதல்ல. அதற்காகவே பல இன்ஜின்களில் ஹோஸ் மாட்ட ஒரு தனி வாய் வைத்திருக்கிறார்கள். காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, ஹோஸை இணைத்து, ஏறக்குறைய 15 நிமிடம் நன்னீர் விட்டால் உப்பு கரைந்து வடியும். கால் கடலிலேயே கிடந்தால் கழுவிய கீழ்க்குழல்களில் உப்புநீர் திரும்ப ஏறிவிடும்.

இந்த வாய்வழி கழுவும்போது இன்ஜின் அணைந்தே இருக்கட்டும். மேலிருந்து வரும் நீர் இம்பெல்லருக்கு வேண்டிய அளவு கிடைப்பதில்லை. நீர்தான் அந்த ரப்பர் இதழ்களுக்கு மசகு. வறண்டு சுழன்றால் சிறிது நேரத்திலேயே கருகிவிடும்.

கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியேற்றும் உள்பொருத்து இன்ஜினுக்கோ விதி நேரெதிர். அங்கே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்ற இன்ஜினுக்குள் நீரை அழுத்தி விட்டால் புகைக்குழாய் நிரம்பி, சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிடலாம். ஆகவே உங்கள் இன்ஜினின் கையேட்டைப் படித்துவிட்டுக் குழாயைத் திறவுங்கள்.

வேலை முடிந்ததும் ஹோஸ் வாயின் மூடியைப் பழையபடி இறுக்கிவிடுங்கள். அது தளர்ந்திருந்தால் அடுத்த முறை குளிர்விக்கும் நீர் அந்த வழியே கசிந்து, நடுக்கடலில் இன்ஜின் சூடேறும்.