வற்றாத ஓடையின் வாசிகள்

தென் ஆஸ்திரேலியாவில், முர்ரே நதி 6-ஆம் எண் தடுப்பணையை எட்டுமுன் அதனின்று பிரிந்து, வெள்ளச் சமவெளியினூடே பல கால்களாகப் பின்னி ஓடி, அணைக்குக் கீழே மறுபடியும் நதியோடு கலக்கிற சௌவில்லா ஓடைகளைக் காண்பவர், அவை ஆதிநாள் தொட்டே வற்றாதவை என்றுதான் எண்ணுவர். வாஸ்தவம் வேறு. படகுப் போக்குவரத்தை முன்னிட்டு 1930-இல் அந்த அணை கட்டி முடியும்வரை அவற்றுள் பல, வெள்ளம் வந்தால் நிறைந்து, வடிந்தால் அடங்கிவிடுபவை. அணையின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் இடையே நேர்ந்த ஏறக்குறைய 3 மீட்டர் வித்தியாசமே அவற்றை நிரந்தரப் பிரவாகமாக்கிற்று. நதியைக் குளமாக்கிய கட்டடமே ஓடையை நதியாக்கியது விசித்திரந்தான்!

ஜலம் ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைச் சிப்பிகூட அறியும்: தேங்கிய நீரில் ஓர் இனமும் ஓடும் நீரில் வேறோர் இனமும் வாழ்கின்றன. ஆனால் ஓட்டத்தின் அருமையை நன்கு உணர்ந்த ஜீவன் முர்ரே காட் என்னும் மீனே. 1902-இல் பிடிபட்ட ஒன்று 113 கிலோவுக்கு மேல் இருந்ததாகச் சொல்வார்கள். அத்தனை பெரிய மீன் பகலெல்லாம் நீரில் வீழ்ந்த மரத்தின் நிழலில் அசையாது கிடக்கும். வசந்த காலத்தில் பெண்மீன் மரப்பொந்தில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விட, ஆண்மீன் துடுப்பால் விசிறிக்கொண்டு, குஞ்சு பொரியுமட்டும் காவல் காக்கும். பிறகு குஞ்சுகளைச் சுமந்து செல்வது ஓடும் நீரின் பொறுப்பு.

அம்மரங்கள் நமக்கும் அந்நியமல்ல. நம் தைலமரத் தோப்புகளில் பத்தாண்டும் நிற்கவிடாமல் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறோமே, அவற்றுள் ஓர் இனந்தான் அங்கே நூற்றாண்டுகள் கரையில் நின்று, கிளை முறிந்து, பொந்து விழுந்து, நிற்கும்போது ரீஜண்ட் கிளிக்கும் சாய்ந்தபின் மீனுக்கும் வீடாகிறது. நீரெலியும் அம்மரங்களின் வேரடியில் வளை தோண்டி வாழ்கிறது.

நீராவிப் படகுகளுக்கு இடைஞ்சலென்று, நீரில் சாய்ந்து கிடந்த அத்தகைய கட்டைகளை ஒருகாலத்தில் நதியிலிருந்து ஆயிரக்கணக்கில் இழுத்தெறிந்தார்கள். இப்பொழுது, நதியின் மேற்பகுதியில் ஹியூம் அணைக்குக் கீழே, பொருள் செலவிட்டு அவ்வாறே ஆயிரக்கணக்கான கட்டைகளை மீண்டும் உள்ளே இறக்கியிருக்கிறார்கள்.