பழைய சீலையில் ஜன்னல் திரை

நாங்கள் லயங்களுக்கு வரும்போது பல காம்பராக்களில் ஜன்னலை உரப்பையாலோ பத்திரிகைத் தாளாலோ அடைத்து வைத்திருப்பதைக் காண்கிறோம். ஏன் என்று கேட்டால், "வயசுக்கு வந்த புள்ள இருக்கு சேர், உடுப்பு மாத்த மறைவில்ல" என்கிறார்கள். நியாயமான பேச்சுத்தான். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் தாய் தகப்பன், பிள்ளைகள், பாட்டி எல்லாரும் இருக்கும்போது மறைப்பு ஆடம்பரமில்லை. ஆனால் உரப்பை வெளிச்சத்தையும் காற்றையும் சேர்த்து அடைத்துவிடும். அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். திரை என்றால் வேண்டிய நேரம் இழுத்துக்கொள்ளலாம், விடிந்ததும் ஒதுக்கிவிடலாம்.

இதற்காகத் தீபாவளி முற்பணத்தில் கைவைத்து, தவணைக்குத் திரை வாங்க வேண்டியதில்லை. பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய பருத்திச் சீலை போதும்.

முதலில் அளவு. ஜன்னல் 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 36 அங்குலம். மேலே 3 அங்குலம், கீழே 6 அங்குலம் கூடுதலாக வந்தால்தான் மறையும். ஆக 45. மேல் மடிப்புக்கு 2, கீழ் மடிப்புக்கு 3 சேர்த்தால் 50 அங்குலம். சீலையின் நீளம் ஏறக்குறைய 216 அங்குலம். நாலு துண்டு வெட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். நைந்த இடம் இருந்தால் அந்த மிச்சத்தில் கழித்துவிடலாம். ஒரு ஜன்னலுக்கு இரண்டு துண்டு. ஒரு சீலையில் இரண்டு ஜன்னல் முடிந்துவிடும். சீலைக் கரை இரண்டு பக்கமும் வருவதால் பக்கம் மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை, கரையே அழகாகவும் இருக்கும். கடையில் புதுச் சீத்தைத் துணி வாங்கினால் வெட்டுமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் திரை ஜன்னலுக்கு எட்டாது.

மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். மேல் மடிப்பில் அரை அங்குலம் மடித்து, மறுபடி ஒன்றரை அங்குலம் மடித்தால் கம்பி போகக் குழாய் மாதிரி வரும். இழுபடும் இடம் இது. அதனால் இரட்டை நூலில் பின்தையல் போடவும். கீழ் மடிப்புக்குச் சாதாரணத் தையல் போதும்.

தொங்கவிடுவதற்கு ஜன்னலில் ஸ்பிரிங் கம்பிதான் மலிவு. இரண்டு கொக்கிக்கும் இடையில் உள்ள தூரத்தைவிட இரண்டு அங்குலம் குறைத்து வெட்டினால் விறைப்பாக நிற்கும். துணியில் கோர்க்கும்போது கம்பி முனையில் பழைய பேனா மூடியைச் செருகுங்கள், நூல் கிழியாது. கொக்கியை ஜன்னல் மரச்சட்டத்தில் முறுக்குங்கள். பழைய லயச் சுவரில் ஆணி அடித்தால் சாந்து உதிர்ந்து ஓட்டைதான் மிஞ்சும். (இந்த வேலையையாவது வீட்டு ஆம்பளைகள் செய்யட்டும்.)

படிக்கிற பிள்ளைக்கு மூலை ஒதுக்கக் காம்பராவின் குறுக்கே திரை போடுபவர்களும் உண்டு. நல்ல காரியம். அந்த நீளத்துக்கு ஸ்பிரிங் கம்பி தொய்ந்துவிடும். மூங்கில் கம்போ இரும்புக் குழாயோ வேண்டும்.

இனிச் சொல்வதைக் கட்டாயம் கவனியுங்கள். நைலோன், பொலியெஸ்டர் சீலையை அடுப்புக்குப் பக்கத்தில் திரையாகப் போடவே கூடாது. தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும்தான். ஆகவே அடுப்படி ஜன்னலுக்குத் திரையே வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு லயத்தில் காற்றில் பறந்த திரை குப்பி விளக்கில் பட்டு எரிந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஓடிவந்து தண்ணீர் ஊற்றியதால் தப்பியது. ஒரே கூரை, ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். சாமி விளக்கு, நுளம்புச் சுருள் எதுவானாலும் திரை பறந்து எட்டாத தூரத்தில் வையுங்கள். மின்சார வயரிலோ அதன் குழாயிலோ திரைக் கயிற்றைக் கட்டாதீர்கள்.

காலையில் பிரட்டுக்குப் போகுமுன் திரையை ஒதுக்கிக் கட்டிவிட்டுப் போங்கள். மழைக் காலத்தில் இழுத்தபடி விட்டால் சுவர்ப் பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை கழற்றித் துவைக்கும்போது கம்பியில் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் துருக் கறை துணியில் ஏறாது.