வேகமான பேச்சுக்குக் காதைப் பழக்குவது

பள்ளி மலாயில் ‘ஹெண்டாக் பெர்கி மானா?’ (எங்கே போகணும்?) என்று படித்த கேள்வி, ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்தில் ‘நாக் கி மானெ?’ என்று வந்து விழுகிறது. ‘இல்லை’ என்னும் ‘தீடாக்’ அங்கே வெறும் ‘தாக்’. ஜொகூர் மலாயில் பல சொற்களின் கடைசி ‘ஆ’ கிட்டத்தட்ட ‘எ’ போல ஒலிக்கும். வேகமாகப் பேசுபவர் பாதி ஒலிகளை விழுங்கிவிட்டு, மிச்சத்தை ஒட்டிப் பேசுகிறார். புத்தக மலாயை நம்பி வந்தவர் தடுமாறுவது இங்கேதான். தமிழிலும் நாம் இதையேதான் செய்கிறோம். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பது நம் வாயில் ‘வந்துட்ருக்கேன்’. சிறு வயதிலிருந்து கேட்ட பழக்கத்தால் அது நமக்கு வேகமாகவே தெரிவதில்லை.

இந்தப் பழக்கத்தைப் பெரியவர்களான பிறகும் உண்டாக்கிக்கொள்ள முடியும். இமானுவேல் டுப்பூ, கெரி கிரீன் என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பதிவுசெய்த வாக்கியங்களைப் பாதிக்கும் குறைவான நேரத்துக்குச் சுருக்கிப் போட்டுக் காட்டினார்கள். முதலில் திணறியவர்கள், பத்து இருபது வாக்கியங்களுக்குள் கூடுதலான சொற்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள்.

காது மந்தமானவர்களுக்கெனக் கணினிவழிக் கேட்கும் பயிற்சிகளும் வந்தன. அமெரிக்காவில் உருவான ‘லேஸ்’ அவற்றில் பேர்பெற்றது. வேகப்படுத்திய பேச்சும் இரைச்சலுக்கு நடுவே வரும் பேச்சும் அதில் உண்டு. ஆனால் அந்நாட்டு முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், காதுக் கருவியோடு லேஸ் பயிற்சியும் செய்தவர்கள், கருவியை மட்டும் பயன்படுத்தியவர்களைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. அதனால் பொதுவான பயிற்சிச் செயலிக்குக் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன். யாருடைய பேச்சு புரியவேண்டுமோ, அவருடைய பேச்சிலேயே பழகுங்கள்.

அதற்கு முன் செவித்திறனைச் சோதித்துக்கொள்வது அவசியம். எல்லாரும் முணுமுணுப்பதாகத் தோன்றுகிறதா? வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்களா? அப்படியானால் அரசு கிளினிக்கில் சொல்லி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

காதில் கோளாறில்லை என்றால், உடன் வேலைசெய்பவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவே போதும். அரை நிமிடப் பதிவாக ஒன்றை எடுங்கள். ஒருமுறை கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். இன்னும் இரண்டு மூன்று முறை கேட்டு, விட்ட இடங்களை நிரப்புங்கள். மிச்சத்தை மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், பிள்ளைகளிடமே கூட, கேட்டுச் சரிபாருங்கள். எந்த ஒலி விழுங்கப்பட்டது என்று குறித்துவைப்பதுதான் இதில் முக்கியமான வேலை. பிறகு பேசுபவரோடு சேர்ந்து அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசியாக வேகத்தை 1.5 மடங்காக்கிக் கேட்டுவிட்டு, பழைய வேகத்துக்கு வந்தால் அது நிதானமாகத் தோன்றும். தினமும் கால் மணி நேரம் போதும். ஒரு குரல் பிடிபட்டதும் அடுத்த குரலுக்குப் போங்கள். ஒரே ஆளின் பேச்சில் பழகிய காது மற்றவர்களிடம் சறுக்கலாம்.

கவுண்டரில் நிற்கும்போது பழகிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அங்கே வெறுமனே ‘என்ன?’ என்று கேட்டால், அதே வேகத்தில் அதே பதில்தான் திரும்ப வரும். பிடித்த பாதியை மலாயில் இப்படிச் சொல்லுங்கள்: “ஐசி வேணும்னீங்க, அதுக்கப்புறம் என்ன, காக் (அக்கா)?” அப்போது அவர், நீங்கள் தவறவிட்ட சொல்லை மட்டும் தனியாக, அழுத்தமாகச் சொல்வார்.