சொட்டு விழும் இடத்தில் ஒழுக்கு இல்லை

உத்திரமேரூர்த் தெருக்களில் பழைய புல்லட் நிற்கும் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாசல் சிமெண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு வட்டம் இருக்கும். அதன்மேல் ஓர் அட்டையோ, பெயிண்ட் டப்பா மூடியோ கிடக்கும். “ஒழுகலைன்னா உள்ளே ஆயில் இல்லைன்னு அர்த்தம்” என்று வண்டிக்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். வேலையைத் தள்ளிப்போட அது நல்ல சாக்கு. அடுத்த கட்டமாக, ஈரம் தெரியும் இடத்தில் அனபாண்ட் பசை வாங்கிப் பூசுவார்கள். ஒரு மாதத்தில் பசை உரிந்து வரும், ஒழுக்கு அப்படியே இருக்கும்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. இங்கிலாந்தில் புல்லட் நின்றுபோன பிறகும் இங்கே அதே வடிவம் பல பத்தாண்டுகள் ஓடியது. இன்றைக்கு அந்த நிறுவனத்தின் புதிய ஆலைகள் உத்திரமேரூர் இருக்கும் மாவட்டத்திலேயே, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. அங்கே தயாராகும் வண்டிகளில் எஞ்சினும் கியரும் ஒரே உறைக்குள் அடக்கம். பழைய புல்லட்டில் கியர் பாக்ஸ் தனிப்பெட்டி. பர்மிங்ஹாமின் ஆல்பியன் நிறுவனம் வடிவமைத்த நாலு கியர் பெட்டி அது, எஞ்சினின் முதுகில் முடுக்கப்பட்டிருக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அந்தப் பெட்டி உருவான காலத்தில் அதற்குள் போனது இளகிய கிரீசும் எண்ணெயும் கலந்த குழம்பு. தண்ணீராய் ஓடும் எண்ணெயைப் பிடித்து நிறுத்த வேண்டிய அவசியம் அப்போது யாருக்கும் வரவில்லை.

ஒழுக்கைத் தேடும்போது முதலில் மறக்க வேண்டியது அந்தக் கருப்பு வட்டத்தைத்தான். எண்ணெய் கசிந்த இடத்திலிருந்து உறையின் மேல் படர்ந்து, ஓட்டத்தில் காற்று தள்ளிய பக்கம் போய், கடைசியில் எது தாழ்வான போல்ட்டோ அதன் நுனியில் சொட்டும். பெட்டி முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, சாலவாக்கம் வரை ஒரு நடை போய்வந்தால் போதும். பவுடரில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம். மூக்கும் உதவும்: கியர் ஆயிலில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் அதன் நெடி எஞ்சின் ஆயிலுக்கு வராது.

தரையில் ஒரு சொட்டுகூட விழாத ஒழுக்கும் உண்டு. கிளட்ச்சைத் தள்ளும் புஷ்ராடு, மெயின் ஷாஃப்ட்டின் உள்துளை வழியாக வலமிருந்து இடம் போகிறது. எண்ணெயும் அதே துளையில் பயணம் செய்து கிளட்ச் இருக்கும் செயின் கேஸுக்குள் சேரும். ஒரு பக்கம் மட்டம் குறைந்து மறுபக்கம் ஏறிக்கொண்டே வரும். கிளட்ச் வழுக்குகிறது என்று தட்டுகளை மாற்றுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

பெரும்பாலும் குற்றவாளி, ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல். அதை ஓர் அடைப்பு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. சுழலும் இரும்பை ரப்பர் உதடு நேரடியாகத் தொட்டால் உராய்ந்தே கருகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் அளவில் எண்ணெய்ப் படலம் ஓடுகிறது; தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்து அதன் மெல்லிமையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இந்தப் படலத்தை 1957-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜாகர் விளக்கினார். படலம் இருக்கிறதென்றால் அது ஏன் வெளியே வழியவில்லை?

விடை உதட்டின் சாய்வில் இருக்கிறது. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தான சரிவு, காற்றுப் பக்கம் படுத்த சரிவு. ஷாஃப்ட் சுழலும்போது ரப்பரின் நுண்ணிய மேடுகள் இழுபட்டுச் சாய்ந்து, குட்டித் துடுப்புகளாகி எண்ணெயைத் தள்ளுகின்றன. இரு சரிவுகளும் சமமாக இல்லாததால் தள்ளுவது மொத்தத்தில் உள்பக்கமாகவே முடிகிறது. மடையில் கசியும் நீரை நின்ற இடத்திலேயே இறைத்து வயலுக்குத் திருப்புகிறவன் செய்வதைத்தான் சீல் செய்கிறது. அது ஒரு பம்ப். ஆகவே, சீலைத் திருப்பி மாட்டினால் கசிவதோடு நிற்காது, எண்ணெயை வெளியே இறைத்தே கொட்டும். ஸ்பிரிங் தெரியும் முகம் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். ஷாஃப்ட்டை எமரி ஷீட்டால் மெருகேற்றும்போது கை சாய்ந்து இழுத்தாலும் ஆபத்து: திருகுமரை போல விழும் நுண்கீறல்கள் சீலுக்கு எதிராக எண்ணெயை நகர்த்தும்.

புது சீல் போட்டும் நிற்காத வண்டிகளில் ஷாஃப்ட்டை விரல் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். உதடு உட்காரும் இடத்தில் நகம் தட்டும் பள்ளம் இருக்கும். மென்மையான ரப்பர் எஃகைத் தேய்க்குமா? தேய்ப்பது ரப்பர் இல்லை, அதில் பதிந்த தூசு. உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. லாரிகள் போகும் சாலையில் பறக்கும் தூசில் குவார்ட்ஸ் இருக்கும். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, சாதாரண எஃகைவிட அதிகம். ரப்பரில் புதைந்த அந்தத் துகள் சாணைக்கல்லின் வேலையைச் செய்துவிடுகிறது. இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து உதட்டுக்குத் தேயாத தடம் கொடுக்கலாம். இல்லையென்றால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளில் சீல் சல்லிசு. அதை அடைய கிளட்ச், செயின் கேஸ், ஸ்பிராக்கெட் எல்லாம் கழற்றும் கூலிதான் கனம். அதனால் ஷாஃப்ட்டைப் பார்க்காமல் மூடுவது பெரிய நஷ்டம். மாட்டும்போது ஷாஃப்ட் மரையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவ வேண்டும். உலர்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே கருகும்.

இன்னொரு காரணம் வெறும் காற்று. கியர் பாக்ஸ் மூச்சுவிடும் வழி சேறும் கிரீசும் அடைத்துப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் இருந்த உள்காற்று சித்திரை வெயிலில் 80 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடும். எண்ணெய்க் கணக்கில் அது கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். உள்ளே நிற்கும் எண்ணெயின் ஆழமோ சில சென்டிமீட்டர். ஆள் உயரத்துக்கு மேல் எண்ணெயை நிறுத்திவைத்த அழுத்தம் தாங்கும்படி காகிதப் பேக்கிங்கை யாரும் செய்யவில்லை. லெவல் போல்ட்டைத் தாண்டி ஊற்றுவதும் இந்தச் சிக்கலைப் பெரிதாக்கும்; காற்றுக்கு இருந்த இடமும் போய்விடுகிறது.

மூடி ஓரத்தில் கசிந்தால் ஸ்க்ரூவை இன்னும் முறுக்காதீர்கள். அலுமினிய மூடி ஸ்க்ரூத் துளைகளைச் சுற்றி அமுங்கி, நடுவில் தூக்கிக்கொள்ளும். தடித்த கண்ணாடிமேல் வாட்டர் பேப்பரை விரித்து மூடியை எட்டுப் போட்டுத் தேய்த்தால் மேடுகள் மட்டும் பளபளக்கும். முகம் முழுவதும் ஒரே நிறமாகும் வரை தேய்த்து, புதுப் பேக்கிங் வைத்தால் அனபாண்ட் மெல்லிய பூச்சாகவே போதும்.

எண்ணெயைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊருக்கு ஊர் இருக்கிறது: 90 நம்பர் கியர் ஆயில் 50 நம்பர் எஞ்சின் ஆயிலைவிட ரொம்பக் கெட்டி என்பது. இரண்டும் வேறு அளவுகோல்கள். 100 டிகிரியில் இரண்டின் பிசுபிசுப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஒழுக்குக்காக 50-லிருந்து 90-க்கு மாறுவதில் பெரிய லாபமில்லை. ஜி.எல்.5 ரகத்தில் கந்தகம் கூடுதல் என்பதால் வெண்கல புஷ் உள்ள பழைய பெட்டிக்கு ஜி.எல்.4 வாங்குவதே என் கட்சி. வயதான மெக்கானிக்குகள் இளகிய கிரீசைக் கலப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் செய்வது பெட்டியின் பழைய வழக்கம்தான். கெட்டி கிரீஸ் மட்டும் கூடாது. பற்சக்கரம் அதில் பாத்தி வெட்டிவிட்டு அப்புறம் வெறுமனே சுற்றும்.

சீலால் தீராத ஒன்றும் இருக்கிறது. மெயின் ஷாஃப்ட்டுக்கும் அதைச் சூழ்ந்த ஸ்லீவ் கியருக்கும் நடுவே உள்ள புஷ் தேய்ந்தால், அந்த இடைவெளியே எண்ணெய்க்கு வாய்க்கால். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும். எண்ணெயும் அந்தப் பக்கமே சேர்ந்து இரவெல்லாம் செயின்மேல் வழியும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் குறைகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். குறைந்தால் சீலோடு நிறுத்தாமல் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள்.